பத்தாவது கோடு

இந்தக் காலத்தில் யாரும் எதையும் எண்ணுவதில்லை, எந்திரம் எண்ணட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். விமானப் பயிற்சித் திடலில் புல் வெட்டும் பெரியவர் அந்த ரகமில்லை. அங்கேயே விமானம் ஓட்டப் பழகும் மகள் ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். தனியாகப் பத்து முறை ஒழுங்காக ஏறி இறங்கினால்தான் அவளுக்குத் தேர்ச்சி.

ஒன்பது கோடு போட்டாயிற்று. பத்தாவது முறை இறங்கும்போது காற்று ஒரு தள்ளு தள்ளியது. இறக்கை தரையில் உரசி, விமானம் குப்புறக் கவிழ்ந்தது. பெரியவர் பாதி வழியில் செருப்பை உதறிவிட்டு ஓடினார். மகள் பெல்ட்டில் வௌவால் மாதிரித் தொங்கியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அழாதீங்கப்பா. அதான் பாஸாயிட்டேனே."

"யாரு அழுதா? கண்ல தூசி. ஒம்பதுதானே ஆச்சு, எப்படி பாஸு?"

பயிற்சி ஆசிரியர் அவளை வெளியே இழுத்து, கையைப் பிடித்துக் குலுக்கினார். "பத்தும் ஆச்சு பெரியவரே. கடைசிதான் பூ மாதிரி எறங்குச்சு."

"கவுந்த வண்டி எப்படிய்யா எறங்கும்?"

"கவுந்தப்புறம்தான்பா எறக்கினேன்," என்றாள் மகள். "நீங்ககூட கொட்டகைகிட்ட நின்னு கையாட்டுனீங்களே."

கவிழ்ந்த விமானத்தின் சக்கரங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பெரியவர் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். சுவரில் பத்துக் கோடு இருந்தது. பத்தாவதும் அவர் போடுவதைப் போலவே இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே, பாதி வழியில் அவர் உதறிவிட்டு வந்த செருப்பு, ஓடுபாதையைப் பார்த்தபடி ஜோடியாக இருந்தது.

"நான் போட்டது ஒம்பதுதான்," என்று சொல்லிவிட்டு, மகளின் சிரிப்பு கேட்ட பக்கமாக வெறுங்காலோடு நடந்தார்.