முழுப் பொறுப்பு

“நான் பொறுப்பேத்த மாதிரி இருக்கணும் டீச்சரே. ஆனா ஒருத்தனும் எங்கிட்ட வந்து கேள்வி கேக்கப்படாது.”

காண்ட்ராக்டர் ஆறுமுகசாமி சொல்லிவிட்டு மின்விசிறியைக் கூட்டி வைத்தார். சரிகைக் கரை போட்ட கசவு வேட்டி, நெற்றியில் ஈரச் சந்தனம். பஸ் ஸ்டாப் வெயிட்டிங் ஷெட் இடிந்து விழுந்ததற்கு வருத்த அறிக்கை எழுத உட்கார்ந்தவர் மாதிரியே இல்லை என்று அஜிதாவுக்குப் பட்டது.

டுட்டோரியலில் ஆங்கிலம் எடுக்கும் அவளை, சாலைக் கடைத்தெருவிலிருந்த தன் ஆபீசுக்குக் காலையிலேயே வரவழைத்திருந்தார்.

“மலையாளத்துலயே குடுத்திரலாமே அண்ணாச்சி?”

“எல்லாருக்கும் புரிஞ்சிரும்லா. வித்துரா ரோட்டுல இன்னும் ரெண்டு ஷெட் டெண்டர் கிடக்கு. ஒரு வார்த்தை பிசகுச்சுன்னா நான் பிளாக் லிஸ்ட்.”

‘ரெஸ்பான்சிபிலிட்டி’ என்று எழுதி, அதற்கு முன்னால் இடம் விட்டாள் அஜிதா. “இங்க ‘ஃபுல்’ போடட்டா? விளிம்பு வரைக்கும் நிறைஞ்சதுன்னு அர்த்தம்.”

“ஃபுல் அடிச்சிட்டுக் கட்டினான்னு சொல்லுவானுக.”

“‘ஹோல்’? பிரிக்காம, ஒரே கட்டியா.”

“கட்டியா என் தலையிலயா? எஞ்சினியருக்குப் பங்கு இல்லியா?”

“‘என்டயர்’? ஒரு மூலை விடாம.”

“மூலைய மட்டும் தோண்ட விடாதீங்க டீச்சரே.”

“‘கம்ப்ளீட்’? ஒரு குறையும் இல்லாம முடிஞ்சது.”

“அந்த ஷெட்டைப் பத்தி அப்படி எழுதுனா எஞ்சினியரே சிரிப்பாரு.”

அஜிதா பெருமூச்சு விட்டாள். “கடைசியா ‘டோட்டல்’. பலதையும் சேத்துக் கூட்டுனா வர்ற மொத்தம்.”

ஆறுமுகசாமியின் முகம் மலர்ந்தது. “பலதுன்னா மழை, மணல் லாரிக்காரன், எஞ்சினியர், எல்லாரும் உண்டு. கொள்ளாம். அது மதி, அதே போதும்.”

“ஷெட் மேல பஞ்சாயத்துத் தலைவர் பேர் போட்ட போர்டு என்ன ஆச்சு?”

“அதுக்குத் தனிக் கம்பி, தனி சிமென்ட். ஒரு கீறல் விழாது. அதுக்கு ஒரு வார்த்தை உண்டா?”

“‘இன்டாக்ட்’. கை படாத மாதிரி அப்படியே இருக்கு.”

“அதை முதல் வரியில போடுங்க.”

பொன்முடி எஸ்டேட் ஆட்கள் எப்போதோ வரும் பஸ்ஸுக்கு அந்த ஷெட்டில்தான் நிற்க வேண்டும். அது நினைவுக்கு வரவும் அஜிதாவின் பேனா தயங்கியது.

“எத்தனை பேருக்கு அடி அண்ணாச்சி?”

“அந்த இடத்தைச் சும்மா விடுங்க.”

“விழுந்த தேதி?”

“அதையும்.”

வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. ஆறுமுகசாமி எழுந்து, இழுப்பறையிலிருந்து பளபளவென்று ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்.

“மழை வரட்டும் டீச்சரே. இன்னைக்குத்தானே அந்த ஷெட்டுக்குத் திறப்பு விழா.”