கூலன்ட் ஒழுகுது, முதலாளி!

கில்சுவின் தொழிலுக்கு முதலீடு, ரேடியேட்டரில் ஊற்றுகிற பச்சைக் கூலன்ட் ஒரு பாட்டில். அவ்வளவுதான்.

கோடை விடுமுறையில் கொரியாவின் காங்வோன் மலைப்பாதைகளில் முக்கி முனகி ஏறிவரும் பழைய வேன்கள், உச்சியிலுள்ள ஓய்விடங்களில் மூச்சு வாங்க நிற்கும். வந்தவர்கள் வேகவைத்த சோளம் தின்னப் போவார்கள். கில்சு முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, வண்டிக்கு அடியில் அரை பாட்டிலைக் கவிழ்ப்பான். நாலு ஸ்பானரைப் பரப்பி, கையில் கொஞ்சம் கிரீஸைத் தடவிக்கொண்டால் மெக்கானிக் தயார். வண்டிக்காரர் திரும்பும்போது ரிப்பேர் முடிந்திருக்கும். கூலி மட்டும்தான் பாக்கி.

இதுவரை எந்த வேனின் அடியிலும் அவன் எட்டிப் பார்த்ததில்லை. அதெல்லாம் நிஜ மெக்கானிக்குகளின் தலைவலி.

அன்று காலை வந்து சேர்ந்த ஓய்விடம் அவனுக்குப் புதிது. ஓரத்தில் ஒரு சாம்பல் நிற வேன் அநாதையாக நின்றது. கதவெல்லாம் துரு. இப்படிப்பட்ட வண்டியில் கூலன்ட் ஒழுகவில்லை என்று சொன்னால்தான் யாரும் நம்பமாட்டார்கள்.

கவிழ்த்தான். பரப்பினான். தடவிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் வேன்காரர் தொக்பே. மலையேற வருகிறவர்களை ஏற்றி இறக்கிப் பிழைப்பவர். பின்னால், சட்டைக் கையை மடித்துவிட்ட ஓர் ஒல்லி ஆள் சோளத்தைக் கடித்தபடி வந்தார். மச்சினனாக இருக்கும் என்று கில்சு முடிவு கட்டினான்.

"யாருப்பா அது, என் வண்டிகிட்ட?"

"நல்ல நேரத்துல வந்தீங்க முதலாளி! நான் மட்டும் பார்க்கலேன்னா உங்க என்ஜின் இன்னிக்குப் போயிருக்கும்."

தொக்பேயின் முகம் வெளுத்தது. "என்ஜினா?"

"பச்சையா ஓடுது பாருங்க, கூலன்ட். மோந்து பாருங்க, இனிப்பு வாடை வரும். ரேடியேட்டர் ஹோஸ் பைப்புதான்னு நினைச்சு கிளிப்பை முறுக்கினேன், நிக்கல. கையை விட்டுத் தடவிப் பார்த்தா வாட்டர் பம்ப்ல கசிவு! சீல் வளையத்தை மாத்திட்டேன். இனிமே ஒரு சொட்டு ஒழுகாது."

"நீ என்ஜினைப் பார்த்தியா தம்பி? நல்லா இருக்கா?" தொக்பேயின் குரல் நடுங்கியது. கண்கூடக் கலங்கிவிட்டது.

வண்டியைப் பிள்ளை மாதிரி வளர்க்கிற ஆள் என்று கில்சுவுக்குப் புரிந்தது. இந்த ரகத்திடம் கூலிக்கு மேலும் தேறும்.

"குத்துக்கல்லாட்டம் இருக்கு முதலாளி. கவலையே படாதீங்க."

ஒல்லி ஆள் சோளத்தை மென்றுகொண்டே கேட்டார். "உங்க கண்ணாலேயே பார்த்தீங்களா?"

"பார்க்கிறதா? இந்தக் கையால தொட்டேன் சார். கிரீஸ் இன்னும் காயல, பாருங்க."

"எப்போ?"

"இப்பதான், நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"கூட ஆளு யாராச்சும்?"

கில்சுவின் தன்மானத்தில் சுருக்கென்று தைத்தது. வாழ்நாளில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதவனுக்குத் தன்மானம் கொஞ்சம் ஜாஸ்திதான்.

"கூட ஆளா? முழு என்ஜினையே ஒத்தை ஆளா கழட்டி இறக்குறவன் சார் நான்! கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன்."

"கேட்டீங்களா? கேட்டீங்களா?" தொக்பே ஒல்லி ஆளின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கேட்டேன், கேட்டேன்." அவர் கடித்த சோளத்தைத் தொக்பேயிடம் கொடுத்தார். கைக்குட்டையில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு இடுப்புப் பக்கம் கையை விட்டார்.

கூலி வருகிறது! கில்சு தலையைத் தாழ்த்தி, பெரியவர்களிடம் வாங்குகிற மரியாதையோடு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.

இரண்டிலும் விலங்கு விழுந்தது.

"நேத்து ராத்திரி இந்த வேன்லேருந்து திருடு போன என்ஜினை, அதுக்கப்புறம் பார்த்த ஒரே ஆளு நீங்கதான்" என்றார் இன்ஸ்பெக்டர். "சொல்லுங்க, எங்க வச்சிருக்கீங்க?"