ஸ்தோயாவின் கதவு

ஜெர்மானியர்கள் எரித்துவிட்டுப் போன வீட்டில் கல் நிலைக்கால்களும் கனத்த ஓக் கதவும் மட்டுமே மிஞ்சின. ஸ்தோயா கதவைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு மலையேறி, யூகோஸ்லாவிய கொரில்லாப் படையில் சேர வந்து நின்றாள்.

"துப்பாக்கி தூக்கவே இங்க ஆளில்ல. இதை எதுக்கும்மா சுமக்குற? போட்டுட்டு வா" என்றார் தளபதி வுயாதின்.

"போட்டுட்டு வந்தா வீடு திறந்து கிடக்குமே, தோழர்."

படை விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் காயம்பட்டவர்களை அந்தக் கதவில் கிடத்தித்தான் மலைக்கு மலை சுமந்தார்கள். ரொட்டிக்கு மாவு பிசைந்ததும் அதன் மேல்தான். தொடையில் குண்டு பாய்ந்த வுயாதினே ஒரு பனிக்காலம் முழுக்க அதில் படுத்துத்தான் போருக்குப் போனார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

எதிரி தோற்று ஓடிய வசந்தத்தில் படை அவளுடைய பள்ளத்தாக்கில் இறங்கியது. அவள் வீட்டில் அந்தக் கல் நிலைக்கால்கள் மட்டும் நின்றன; கூரையில்லை, சுவரில்லை. சாம்பலின் மேல் புல் முளைத்திருந்தது. ஸ்தோயா கதவைப் பழைய கீல்களில் மாட்டி, உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். ஒரு வீரன் பக்கவாட்டில் புல்லை மிதித்தபடி வரப்பார்த்தான்.

"ஏய், அங்க சுவர் இருக்கு!"

அவன் திடுக்கிட்டுப் பின்வாங்கினான்.

வுயாதின் நொண்டிக்கொண்டே முன்பக்கம் வந்து கதவைத் தட்டினார். அவள் திறந்தாள். அவர் குனிந்து பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். அவர் பின்னால் மொத்தப் படையும் குனிந்தது. பூட்ஸ் இல்லாதவர்கள் பாதத்தைப் புல்லில் அழுந்தத் துடைத்துக்கொண்டார்கள்.

"கடைசியா வர்றவங்க கதவைச் சாத்திட்டு வாங்க" என்றாள் ஸ்தோயா. "காத்து அடிக்குது."