ஆறுதல் பரிசு

செத்துக் கிடப்பதில் ரீக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

முப்பத்தோரு வருடத் தொழில். கேப்டவுன் மேடைகளில் விஷம் குடித்து, கத்திக்குத்து வாங்கி, காசநோயில் இருமி, இருநூற்றுச் சொச்சம் தடவை செத்திருக்கிறாள். ஆப்பிரிக்கான்ஸ் மொழித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பதினோரு வருடம் மாமியாராக வந்தாள். ஒரு விபத்தில் செத்தாள். நேயர்கள் கடிதம் போட்டதால் இரட்டைச் சகோதரியாகத் திரும்பி வந்து, அவளாகவும் செத்தாள்.

அம்மையார் உயிரோடு வரும் காட்சிகளைவிடப் பிணமாக வரும் காட்சிகள் தேவலாம் என்று ஒரு விமர்சகன் எழுதினான். அந்தத் துண்டுக் காகிதம் இன்னும் கைப்பையில் இருக்கிறது. பாராட்டு எந்த ரூபத்தில் வந்தால் என்ன?

இப்போது சென்னைக்குப் பக்கம் ஓரகடத்தில், கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் சிமெண்டுத் தரையில், ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தாள்.

கணவர் இங்கே தர மேலாளராக வந்து இரண்டு வருடம் ஆகிறது. பின்னாலேயே வந்தவள் 'பெரிய சாரோட சம்சாரம்' ஆகிவிட்டாள். நடிகை என்று ஒருவருக்கும் தெரியாது.

எப்படியோ விஷயம் பாதுகாப்பு அதிகாரி காசிராஜன் காதுக்கு எட்டியது. பாதுகாப்பு வாரம் வருகிறது, விபத்து ஒத்திகையில் அடிபட்டவராகக் கிடக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வசனம் கிடையாது. மகாராணி வேஷம் கிடைத்த மாதிரி தலையாட்டினாள். மூன்று நாள் வீட்டு ஹாலில் விழுந்து விழுந்து பழகி, முழங்கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

ஆசை ஒன்றுதான். இந்த ஊரில் ஒரே ஒரு ஆளாவது அவள் செத்துவிட்டாள் என்று நம்ப வேண்டும். நம்பினால் இன்னும் நடிகை. இல்லையென்றால் வெறும் சம்சாரம்.

சைரன் ஊதியது.

யாரும் நம்பவில்லை. ஒத்திகை முடிந்தால் சமோசா உண்டு என்று தெரிந்த கூட்டம், கல்யாணப் பந்திக்குப் போகிற நடையில் வெளியே போனது. நெற்றியில் ரத்தம் என்று ஊற்றியிருந்த கேன்டீன் ரோஸ்மில்க் எசன்ஸை எறும்புகள் மட்டும் நம்பின.

"மேடம், காதாண்ட எறும்பு போவுது பாருங்க" என்று யாரோ கரிசனமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிணம் எப்படிப் பார்க்கும்? ரீக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள், அதுவும் வெளியே தெரியாமல்.

அப்போதுதான் மாப் கட்டை தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

துப்புரவு வேலை பார்க்கும் கோவிந்தம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். பொத்தென்று உட்கார்ந்தாள். ரீக்காவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஓ.டி. வாணாம்னு தலபாடா அடிச்சிக்கினேனே, கேட்டியா? என்ன வுட்டுட்டுப் பூட்டியே!"

ரீக்காவுக்குத் தமிழ் சரியாகப் பேசத்தான் வராது, கேட்டால் புரியும். ஜென்மத்தில் தான் ஓவர்டைம் பார்த்ததில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கன்னத்தில் சூடாகக் கண்ணீர் சொட்டும்போது வசனத்தை யார் சரிபார்ப்பார்கள்? காண்ட்ராக்ட் ஆள், ஒத்திகை என்று இவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், பாவம் என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள்.

கோவிந்தம்மா முந்தானையால் அந்த ரத்தத்தைத் துடைத்தாள். முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். ரீக்காவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ரீக்காவின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பிணம் அழக்கூடாது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு தடவைகூட அழுததில்லை. அந்த விமர்சகனை மனதுக்குள் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தாள். நல்லா பாருடா என்றாள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. காசிராஜன் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார்.

கோவிந்தம்மா மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"போதுமா சார்? இன்னும் கொஞ்சம் அழுவட்டா?"

அடிபட்டவர் ஒருவர், பதறி அழும் ஊழியர் ஒருவர் என்று காசிராஜனின் தாளில் முதல் நாளே எழுதியிருந்தது. ரீக்காவிடம் அவள் பங்கை மட்டும் சொல்லியிருந்தார்.

இத்தனை வருடம் ஊரை ஏமாற்றியவள் பத்து நிமிடத்தில் ஏமாந்து, ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டாள். எழுந்து நடந்து போகிற அளவுக்குத் தைரியம் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. நடுவில் சிரிப்பும் வந்ததால் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் பயந்துபோனார்கள்.

மைதானத்தில் பரிசு கொடுத்தார்கள். கோவிந்தம்மாவுக்கு முதல் பரிசு, ஹாட்பாக்ஸ். ரீக்காவுக்கு ஆறுதல் பரிசு, தண்ணீர் பாட்டில். பொறாமையில்லாமல் கைதட்டினாள் என்று சொன்னால் பொய்.

கூட்டம் சமோசாவுக்குப் போனதும், குடிநீர்க் குழாயடியில் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்த கோவிந்தம்மாவிடம் போய் நின்றாள். அந்த அழுகையை எங்கே கற்றுக்கொண்டாய் என்று பாதித் தமிழிலும் பாதிச் சைகையிலும் கேட்டாள். இந்த வயதிலும் தொழில் கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை.

கோவிந்தம்மா ரோஸ்மில்க் கறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதுல இன்னா கீது மேடம்? எங்க வூட்டுக்காரரு ஓ.டி. பாக்கப் போயி, இதே மாரிதான் வேற ஒரு கம்பெனில வுழுந்து கெடந்தாரு. என்ன கேட்டாண்டயே நிறுத்திட்டாங்க, உள்ள வுடல. இன்னிக்கித்தான் உள்ள போயி அழுன்னாங்க."

ரீக்கா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள். ஆறுதல் பரிசைக் குழாயில் நிரப்பி அவளிடம் நீட்டினாள்.