பின்கதவு

ராயபுரம் ஷெட்டுக்கு அந்த ஆஸ்பத்திரி வண்டி மறுபடியும் வந்து நின்றது. பெயிண்டர் கோதண்டம் அலுப்போடு உப்புத்தாளை எடுத்தார்.

"வெள்ளக்காரன் வுட்டுட்டுப் போன அலுமினிய வண்டி. பெயிண்டு புடிக்கிறதே பெரும்பாடு. ஆனா பின்கதவுல மட்டும் இப்டி பேந்துகினு வருதே, இன்னா நைனா? மருந்துப் பொட்டி ஏத்துற ஆளுங்கள கொஞ்சம் பாத்து ஏத்தச் சொல்லு."

"பூ மாதிரிதான் ஏத்துறோம்" என்றார் டிரைவர் லோகநாதன்.

"அப்போ இது இன்னா?" கீறலில் சிக்கியிருந்த பச்சைக் கண்ணாடிச் சில்லை நகத்தால் நெம்பி எடுத்துக் காட்டினார் கோதண்டம். "மருந்து பாட்டில்தானே?"

லோகநாதன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"வளையலுண்ணே. இது மருந்து வண்டி இல்ல, பொண வண்டி. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் பொம்பளைங்க வரக் கூடாதுன்னு தெருவுலயே நிறுத்திடுவாங்க. நாங்க கதவ சாத்துனதும் ஓடியாந்து, ரெண்டு கையாலயும் கதவப் போட்டு அடிப்பாங்க."

கோதண்டம் உப்புத்தாளை வைத்துவிட்டார். அந்தச் சில்லை எங்கே போடுவதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.