பத்தாவது பொத்தானுக்குப் பிறகு

“இன்னும் கொஞ்சம் வேகமா, அக்கா,” என்றார் தம்பி சார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேசைமேல் கிடந்த கைபேசியைப் பார்த்து மூன்றாவது முறையாக ஜெபத்தைச் சொன்னாள்.

நான்கே வரி. அவர் கைபேசியை எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டு விநாடி. முதல் முறையும் பன்னிரண்டுதான், இரண்டாம் முறையும் பன்னிரண்டுதான்.

மேற்பார்வையாளர் வயதில் சின்னவர் என்பதால் பெண்கள் வைத்த பெயர் தம்பி சார். தப்பான ஆள் இல்லை. பதிவைத் தொடங்குமுன் அவரும் சிலுவை போட்டுக்கொண்டார். இருநூறு பேர் ஆளுக்கொரு வேகத்தில் முணுமுணுக்கிறார்கள், ஒலிபெருக்கியில் ஒரே குரலாக வந்தால் எல்லோரும் சேர்ந்து சொல்லலாமே என்று அவர் கேட்டபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அது சட்டை தைக்கும் ஆலை. அவள் பொத்தான் பிரிவு. விலை கூடிய சட்டை என்பதால் பொத்தானைக் கையால்தான் தைக்க வேண்டும். முன்பக்கம் ஏழு, கைகளில் இரண்டு, கழுத்தில் ஒன்று. பொத்தானுக்கு ஓர் ‘அருள் நிறைந்த மரியே’. சட்டை முடிந்தால் ஜெபமாலையில் பத்து மணி முடிந்தது.

பத்து முடிந்ததும் இந்த நான்கு வரி. ஊசியைத் துணியில் குத்திவிட்டு, கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். ஊசியைப் பிடித்தபடி சொன்னால் பலிக்காது என்றொரு பேச்சும் உண்டு.

முதலில் அவள் மேசையில் ஆறு பேர்தான் சொன்னார்கள். ஒரு மாதத்தில் காலர் பிரிவுக்குப் போனது. சிலுவை போடாதவர்களும் சொன்னார்கள். வேலை மாறிப் போனவர்கள் போன இடத்துக்கெல்லாம் கொண்டுபோனார்கள்.

போன வருடம் கோயிலில், பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த முன்பின் தெரியாத ஒருத்தி பத்து மணி முடிந்ததும் அதே நான்கு வரியைச் சொன்னாள். இது எங்கே கற்றது என்று இவள் மெல்லக் கேட்டாள். ஏதோ மடத்தில் ஒரு சிஸ்டருக்கு மாதா காட்சி கொடுத்துச் சொன்னது, இதுகூடத் தெரியாதா என்று அவள் இரக்கத்தோடு பார்த்தாள்.

இவள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

தம்பி சார் ஜெபம் எழுதிய தாளை இழுத்து, மூன்றாவது வரியில் பேனாவை வைத்தார்.

முதல் வரியில் தாயே எங்கள் கைகளைப் பாரும் என்று இருக்கிறது, நல்லது. இரண்டாவதில் செய்த வேலையை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறோம். கடைசியில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், ஆமென். மூன்றாவது வரி எதற்கு என்று கேட்டார். அதுதான் எல்லாவற்றிலும் நீளம்: ‘உம் மடிப்பிள்ளையைப் போல எங்கள் கைகள் சற்று நேரம் ஒன்றும் செய்யாமல் கிடக்கட்டும்.’ இதில் மாதாவிடம் எதையும் கேட்கவில்லையே என்றார்.

ஜெபத்தில் கைவைப்பது பாவம் என்றாள் அவள்.

அவர் முகத்திலும் அந்தப் பயம் இருந்தது. பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டாராம். எந்தப் புத்தகத்திலும் இப்படியொரு ஜெபம் இல்லையாம்.

“மாதா சொன்னதுன்னா நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடமாட்டேன். நீங்கதானே இங்க மூத்தவங்க, சொல்லுங்க. இது எங்கிருந்து வந்துச்சு?”

ஒரு தலையாட்டல் போதும், வரி தப்பிவிடும். அந்தக் கதை அவள் வாய் திறக்காமலே ஆலை முழுக்கப் பரவிக் கிடந்தது. ஆனால் மாதாவின் பேரில் பொய்யைத் தன் வாயால் எப்படிச் சொல்வது? உண்மையைச் சொன்னால் எதற்காக என்று கேட்பார். கேட்டுவிட்டால் நான்கு வரியும் போய்விடும்.

“தெரியலை, தம்பி,” என்றாள்.

பேனா கோடு இழுத்தது.

நான்காவது பதிவு ஏழு விநாடியில் முடிந்தது. அருள் நிறைந்த மரியே பத்தையும் காலையிலேயே அவளைச் சொல்லவைத்துப் பதிவு செய்திருந்தார். இரண்டையும் சேர்த்து நாள் முழுக்க ஓட விடலாம், மற்ற இரண்டு ஆலைகளுக்கும் அனுப்பலாம் என்று சந்தோஷமாகச் சொல்லி, அவளுக்குக் கைகூப்பினார்.

சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் அவள் குரல் கூடம் முழுக்க ஒலித்தது.

ஆறு வருடத்துக்கு முன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அந்த ஜெபத்தைக் கட்டியவள் அவள்தான். முதலில் மூன்று வரிதான் கட்டினாள். சொல்லிப் பார்த்தால் ஏழு விநாடி. அது போதவில்லை.

எதிரே உட்காரும் நாத்தனாருக்கு, சட்டை முடியும்போது விரல்கள் ஊசி பிடித்த வாக்கில் மடங்கி இறுகிவிடும். விரியப் பன்னிரண்டு விநாடி ஆகும். சும்மா உட்கார்ந்திருந்தால் வசவு விழும். ஜெபம் சொல்கிறவளை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அதற்காகத்தான் இடையில் அந்த நீளமான வரி.

ஒலிபெருக்கி ஆமென் சொல்லி, மூச்சு விடாமல் அடுத்த அருள் நிறைந்த மரியேவைத் தொடங்கியது. இருநூறு ஊசிகள் எழுந்தன. நாத்தனாரின் விரல்கள் பாதிதான் விரிந்திருந்தன. தன் இடது கையால் அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டு, நாத்தனார் அடுத்த சட்டையை இழுத்தாள்.

“குரல் நல்லா இருக்கு, அண்ணி,” என்றாள், தலை நிமிராமல்.