பதினான்காம் தூண்

“பாத்தீங்களா தங்கச்சி? தண்ணி ஊத்துறார். நாளைக்குக் கத்தரி நடுவார். பிறகு மண்வெட்டியைக் குழாயிலேயே போடுவார்.”

குழாய்க் கம்பனி அதிகாரி ஜெயகாந்தன் சேர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டுச் சொன்னார்.

துறைமுகத்திலிருந்து உள்ளே போகும் எண்ணெய்க் குழாய் அந்த இடத்தில் நிலத்துக்கு அடியில் ஓடுகிறது. மேலே அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் தூண், இலக்கம் பதினான்கு. பக்கத்தில் ஒற்றைத் தகரக் கொட்டில். கண்ணுக்கெட்டிய தூரம் வேறு வீடில்லை. கொட்டிலுக்குரிய மனிதர் குனிந்து, தூணடியில் வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஆறு வருஷமா மாசாமாசம் நான்தான் வந்து இந்தத் தூணடியில அளக்கிறன். ஒவ்வொரு முறையும் சொல்லிப்போட்டுத்தான் போறன், கேக்கிறாரில்லை. நீங்கள் படிவத்தில எழுதுங்கோ. கொட்டிலைத் தூக்கினாத்தான் குழாய் தப்பும்.”

புதைந்த குழாய்களைத் துருவிலிருந்தும் அடிபடுவதிலிருந்தும் காப்பது எப்படி என்பதுதான் பல்கலைக்கழகத்தில் லதுஷா செய்யும் ஆய்வு. இந்த மாதம் அளக்கக் கம்பனி அவளைத்தான் அனுப்பியிருந்தது. படிவத்தில் ‘இடையூறு உண்டு’ என்று அவள் எழுதினால் போதும். அடுத்த மாதம் அந்தக் கொட்டில் இருக்காது.

“கேட்டுப்போட்டு எழுதுறன் சேர்” என்றாள், தனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

கிட்டப் போய்ப் பார்த்தாள். ஈரமண்ணில் ஒரு புல்கூட இல்லை.

“இதில என்ன நடப் போறீங்கள் காக்கா?”

“நடுறதா? குழாய்க்கு மேல ஒண்டும் நடப்படாதே மகள்.” அண்ணன் முறையில் எல்லோரும் காக்கா என்றழைக்கும் அபூதாஹிர் நிமிர்ந்தார். அவள் தோளில் தொங்கிய, குழாயின் துருவை அளக்கும் மீட்டரைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தார். “அளக்கவா வந்தீங்க?”

“ஓம்.”

“வாங்க, வாங்க. மண் ஈரமாத்தான் இருக்கு. முந்தி தவராசா ஐயா ஒவ்வொரு மாசமும் முதல் செவ்வாய் வருவார். ‘காக்கா, ஒரு வாளித் தண்ணி’ எண்டுதான் ஜீப்பால இறங்குவார். காஞ்ச மண்ணில குச்சியை வெச்சா மெஷின் பொய் செல்லுமாம்.”

லதுஷா தலையசைத்தாள். அவளும் அப்படித்தான் படித்திருந்தாள்.

“அளந்து முடிச்சு, இந்தக் கதிரையில இருந்து பிளேன்டீ குடிப்பார். பொஞ்சாதி மௌத்தாகி நான் தனிச்ச பிறகு இந்த வாசல்ல இருந்து கதைச்சது அந்த மனிசன் மட்டுந்தான். பென்சன்ல போகக்குள்ள, வேற ஆள் வரும் எண்டு செல்லிட்டுப் போனார். வாற ஆளுக்கு மண் காஞ்சு கிடக்கப்படாதே எண்டு, முதல் செவ்வாயில ஊத்தி வெக்கிறன்.”

வாசலில் இரண்டு கதிரைகள். ஒன்றுதான் தேய்ந்திருந்தது.

அவள் கம்பனி தந்த பைலைத் திறந்தாள். பதினான்காம் தூணுக்கு ஆறு வருடத்தில் எழுபத்திரண்டு அளவுகள். ஒன்றுகூடத் தவறவில்லை. ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் ஜெயகாந்தன் சேரின் கையெழுத்து.

ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது. பிறகு ஜெயகாந்தன் சேரே இறங்கி வந்தார்.

“எழுதியாச்சா தங்கச்சி?”

அபூதாஹிர் காக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகம் நிறையச் சிரித்தார்.

“தம்பியும் புதுசா? இருங்க, ரெண்டு பேருக்கும் பிளேன்டீ ஊத்துறன். தவராசா ஐயாவுக்குப் பிறகு இண்டைக்குத்தான் இந்தத் தூணடிக்கு ஆள் வந்திருக்கு.”